ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே கிடையாதா? வீட்டில் கழற்றி, கிரீஸ் தடவி, மாட்டிய குறிப்புகள்

2023 ஏப்ரல் 20, காலை. இராமேஸ்வரத்து வாசகர் கேட்டது

செயின் வண்டிக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டு அலுத்துப்போய், சென்ற மாதம் ஷாஃப்ட் வண்டி (செயினுக்குப் பதிலாக இரும்புத் தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும் பைக்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் இதற்குப் பராமரிப்பே கிடையாது என்றார். வாரம் இரண்டு முறையாவது தனுஷ்கோடிக் கடலோரத்து அரிச்சல்முனை வரை போய்வருகிறேன். கியர் மாற்றும்போது பின்சக்கரத்தின் பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று சிலரும், அதைத் தொடவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டுமா, வீட்டிலேயே முடியுமா?

2023 ஏப்ரல் 20, இரவு. கீழக்கரையிலிருந்து

வீட்டிலேயே முடியும். விற்றவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வியாபாரம். செயினைப் போல வாரந்தோறும் எண்ணெய் கேட்காது என்பது உண்மை. எதுவுமே கேட்காது என்று தோன்றுவதற்குக் காரணம், அது கேட்கும் இடம் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான்.

என்னுடையது ஹோண்டா விடி 1300 சிஎக்ஸ்; 1312 சிசி, 52 பாகை விரிந்த இரண்டு சிலிண்டர். 2019இல் பழையதாக வாங்கினேன். எஞ்சினிலிருந்து புறப்படும் சுழற்சி முதலில் வளைந்துகொடுக்கும் இணைப்பான ஒரு யூ ஜாயிண்ட்டுக்கும், பிறகு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் ஓடும் ஷாஃப்ட்டுக்கும், அதன் பின்முனையில் இருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்துக்கும், பினியனிலிருந்து கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும், கடைசியில் சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. இவற்றில் கிரவுனும் பினியனும் மட்டுமே, கியர் கேஸ் என்ற கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. ஷாஃப்ட்டின் முன்முனை, பின்முனை, சக்கரத்தைப் பிடிக்கும் விளிம்பு என்று மூன்று இடங்களில் பல்லுக்குள் பல் செருகிய ஸ்பிளைன்கள் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் யாராவது கையால் தடவிய கிரீஸ் மட்டுமே உண்டு; அது தீர்ந்த நாளிலிருந்து இரும்பை இரும்பு தின்னத் தொடங்கும்.

கிரீஸ் எது என்று கேட்டால், படகுக்குப் போடும் நீல நிறக் கடல் கிரீஸைத் தாராளமாக அடைத்துவிடுங்கள் என்பேன். பதினோரு ஆண்டுகள் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவன் நான். கடற்கரையில் கிரீஸ் குறைந்து கெட்ட பொருளைப் பார்த்திருக்கிறேன்; கூடிக் கெட்டதைப் பார்த்ததில்லை.

2023 ஏப்ரல் 21

தேவிபட்டினத்துக்காரர் ஒருவர், “காக்கா, உங்கள் ஷாஃப்ட்டை நீங்கள் முழுதாகக் கழற்றியதுண்டா?” என்று ஒரே வரியில் கேட்டுவிட்டார் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்). இல்லை. 2021இல் டயர் மாற்றியபோது சக்கரத்துப் பக்கத்து ஸ்பிளைனை மட்டும் பார்த்தேன்; எலும்பு போல் காய்ந்திருந்தது; நீல கிரீஸை அடைத்து மூடினேன். உள்ளே ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது. தெரியாததைத் தாராளமாக எழுதிவிட்டேன்.

ஆகவே இந்த வாரம் என் வண்டியையே கழற்றுகிறேன். நடப்பதை நடந்தபடி எழுதுவேன்.

இராமேஸ்வரத்துத் தம்பி அதுவரை ஒன்று செய்து பார்க்கலாம். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். எவ்வளவு தூரம் வெறுமனே ஆடுகிறது என்பதை டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் ஆட்டமும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த அளவு மட்டுமே தீர்ப்பாகாது. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே குறியோடு ஒப்பிட்டால் எதையாவது சொல்லும். ஷாஃப்ட் வண்டியில் ஓரளவு ‘டக்’ இயல்பானதுதான். அது நாளுக்கு நாள் வளர்கிறதா என்பதே கேள்வி.

2023 ஏப்ரல் 24

கருவிகள் சேர்ந்தன. பாம்பனில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் பூட்டு வளையம் கழற்றும் சர்க்ளிப் பிளையரும், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் வாங்கிவந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் இருக்கிறது, அண்ணன் சும்மா இருப்பார், கூட வந்து ஒரு கை கொடுப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். படகு கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் அவருக்குத் தலைக்குமேல் வேலை. கருவியைக் கொடுத்து, சீக்கிரம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இடம் முக்கியம். மணல் தரையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஸ்பிளைனில் ஒட்டிய ஒரு சிட்டிகை மணல் கிரீஸோடு சேர்ந்தால் அரம் போல வேலை செய்யும். வீட்டின் சிமெண்டுத் திண்ணையைக் கழுவி, காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். என் வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பிரேமுக்கு அடியில் ஜாக்கி, இரண்டு பக்கமும் பனங்கட்டை, கைப்பிடியிலிருந்து திண்ணைத் தூணுக்கு இரண்டு பட்டைக்கயிறு என்று நிறுத்தினேன். முந்நூறு கிலோவுக்குச் சற்றே கூடிய வண்டி, சக்கரமில்லாமல் ஓர் இரவு முழுவதும் நிற்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் கயிற்றில் கஞ்சம் வேண்டாம்.

2023 ஏப்ரல் 25

கழற்றிய வரிசையை எழுதுகிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒன்றுதான், நட்டுகளின் இடம் மாறும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது ஆக்ஸில் (சக்கர அச்சு) நட்டை இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி கட்டையிலிருந்து இறங்கிவிடும். நட்டைத் தொடும் முன்பே சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கியிருந்த கியர் கேஸின் எண்ணெயை வடித்தேன். காப்பிக் கடையில் தரும் ஒரு டம்ளர் அளவுதான் வந்தது. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். என்னுடையது கறுத்திருந்தது, வெளுக்கவில்லை. பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் தொங்கவிட்டேன்; அதன் எடையைக் குழாய் தாங்கக் கூடாது.

ஆக்ஸில் வர மறுத்தது. உப்பு செய்த வேலை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மக்ரிப் (அந்தி) தொழுகைக்குப் போய்வந்து, மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டியபோது ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு தானாக வந்தது. சக்கரத்தைக் கியர் கேஸுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்தினால் ஸ்பிளைன் விடுபடும்.

அதன்பின் கியர் கேஸை ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் நட்டுகள். அவற்றை எடுத்துவிட்டுக் கேஸை இரண்டு கையாலும் பின்னோக்கி இழுத்தால், அதன் முன்புறம் செருகிய வாள் போல ஷாஃப்ட் கூடவே வந்துவிடும். யூ ஜாயிண்ட் எஞ்சின் பக்கத்திலேயே ரப்பர் உறைக்குள் தங்கிவிடும். இந்த இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பயமெல்லாம் திரும்ப மாட்டும்போதுதான் என்று அன்று இரவு எனக்குத் தெரியாது.

2023 ஏப்ரல் 26

கேஸிலிருந்து ஷாஃப்ட்டைப் பிரிப்பது தனி வேலை. பின்முனையில் ஒரு வளையம், நாம் சர்க்ளிப் என்று பொதுவாகச் சொல்வது, பினியன் கிண்ணத்தின், அதாவது ஷாஃப்ட் செருகும் குழிவின், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிக்கொண்டே நேராக இழுத்தால் அது சுருங்கி வழிவிடும். சுத்தியலைத் தொட வேண்டாம். அந்த வளையத்தையும், ஷாஃப்ட்டில் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலையும் திரும்ப மாட்டும்போது புதிதாகப் போட வேண்டும். நான் வாங்கி வைக்காமலே கழற்றிவிட்டேன். சென்னையிலிருந்து வர எட்டு நாள் ஆகும் என்கிறார்கள். எட்டு நாளும் வண்டி திண்ணையில் பனங்கட்டை மேல் நிற்கும். வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுதவில்லை.

2023 ஏப்ரல் 29

உள்ளே கண்டது இது.

பினியன் கிண்ணத்துக்குள் கிரீஸ் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. செங்கல்லை உரசியது போன்ற சிவந்த பொடி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கட்டியாக இருந்தது. முதலில் கடல் தண்ணீர் புகுந்த துரு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஷாஃப்ட்டின் நடுத்தண்டு பளபளப்பாக இருக்கிறது. தண்ணீர் வந்திருந்தால் அதுவல்லவா முதலில் துருப்பிடித்திருக்க வேண்டும்? பல் உரசும் முகங்களில் மட்டுமே சிவப்பு.

இது வேறு நோய். ஸ்பிளைன்கள் சுழலும்போது ஒன்றன்மேல் ஒன்று நன்றாக வழுக்கி ஓடுவதில்லை. மிகச் சிறிய தூரம் முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நடுக்கம் இடையிலிருக்கும் கிரீஸை வெளியே தள்ளிவிடுகிறது. கிரீஸ் போன பின் இரும்பு முகங்கள் உரசி, உதிர்ந்த துகள் காற்றோடு சேர்ந்து சிவந்த ஆக்ஸைடாகி, அந்தத் துகளே மறுபடி அரைக்கிறது. உள்நாட்டில் ஓடும் வண்டியிலும் இது வரும். ஆகவே எல்லாப் பழியையும் தனுஷ்கோடிக் கடல்மேல் போட முடியாது; என் வண்டியில் பெரும்பங்கு பழி, ஒருமுறைகூடத் திறக்காத என்மேலும் எனக்கு முன்பு வைத்திருந்தவர்மேலும்தான்.

மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியை நனைத்துத் துடைத்தேன். பல்லின் உச்சி தட்டையாக இருந்தால் நல்லது. முள்ளைப் போலக் கூர்மையாகிவிட்டால் மாற்றும் காலம். தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் நகத்தை வைத்துப் பல்லின் பக்கவாட்டில் இழுத்தால் ஓரிடத்தில் மெல்லிய படி தட்டுகிறது. இன்னும் ஓடும். மூன்று நான்கு ஆண்டுகள் விட்டிருந்தால் ஓடியிருக்காது.

சக்கரத்துப் பக்கம் நான் 2021இல் அடைத்த நீல கிரீஸ் பெரும்பாலும் பல்லிலிருந்து வழிந்து, விளிம்பைச் சுற்றி வளையமாக ஒதுங்கிக் கிடந்தது. பல்லில் இருந்தது மெல்லிய கறுப்பு. தண்ணீர் புகவில்லை, துருவும் இல்லை, ஆனால் பல்லுக்கு வேண்டிய இடத்தில் கிரீஸும் இல்லை. கப்பல் பழக்கத்தில் அடைத்தது பல்லுக்கு உதவாமல் வாசலைக் காவல் காத்திருக்கிறது.

2023 மே 3

கிரீஸ் பற்றி இப்போது திருத்தமாக எழுதலாம்.

கையேடு கேட்பது மாலிப்டினம் டைசல்பைடு 40 சதவீதத்துக்கு மேல் உள்ள பேஸ்ட். கடையில் ‘மாலி கிரீஸ்’ என்று கேட்டால் தருவது பெரும்பாலும் கார் ஆக்ஸிலுக்குப் போடும் கறுப்பு கிரீஸ்; அதில் அந்தப் பொருள் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டின் பெயரும் மாலி, வேலை வேறு. மாலிப்டினம் டைசல்பைடு அடுக்கடுக்கான பொருள். எண்ணெய் முழுவதும் பிதுங்கி வெளியேறிய பிறகும் அந்த அடுக்குகள் இரும்பு முகத்தில் ஒட்டியபடி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நடுங்கும் பல்லுக்கு இதுதான் வேண்டும்.

அளவு கொஞ்சம்தான். கண்ணுக்குச் சுர்மா (மை) இடுவது போல, பல்லின் எல்லா முகத்திலும் மெல்லிய பூச்சாகத் தூரிகையால் தடவினால் போதும். பினியன் கிண்ணத்துக்குள் அடைத்து வைத்தால், ஷாஃப்ட்டைச் செருகும்போது உள்ளே மாட்டிய காற்றும் கிரீஸும் வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளும். “கூடிக் கெட்டதைப் பார்த்ததில்லை” என்று 20ஆம் தேதி நான் எழுதியது கப்பலுக்குச் சரி. அங்கே கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அழுத்துவோம். அதற்கு வெளியேறும் வழி வைத்திருப்பார்கள். இங்கே அந்த வழி இல்லை.

கைவிரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. கல்யாண வீட்டுக்குப் போகும் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

2023 மே 4, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மாலிப்டினம் டைசல்பைடு ஈரமில்லாத இடத்தில்தான் சிறப்பாக வழுக்கும். ஈரக்காற்றில் அதன் உரசல் கூடும், காலப்போக்கில் ஆக்ஸைடாகவும் மாறும். கிராஃபைட் இதற்கு நேர்மாறு. அதற்கு ஈரப்பதம் வேண்டும். நம் ஊரில் தலையணை உறைகூட ஈரமாக இருக்கிறது. கையேட்டை எழுதியவர் தனுஷ்கோடியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

அப்படியானால் 40 சதவீதப் பேஸ்ட்டை வெறுமனே தடவி விடுவது நம் கடற்கரைக்குப் போதுமா? காலையில் யோசிக்கிறேன்.

2023 மே 4, காலை

யோசித்ததில், ஈரம் பேஸ்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. ஷாஃப்ட்டின் இரு முனையும் சீலுக்கும் ரப்பர் உறைக்கும் உள்ளே இருக்கின்றன. சீல் புதிதாக இருந்தால் அங்கே கவலை குறைவு. சக்கரத்துப் பக்கம்தான் சந்தேகம். அங்கே காவல் ஓ ரிங் என்ற ரப்பர் வளையங்கள் மட்டுமே. டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவை வெளியே வருகின்றன. யாரும் புதிதாக மாற்றுவதில்லை. ஒரு டயர் கடையில் தம்பி ஒருவர், அழுக்கு என்று நினைத்து ஸ்பிளைனை வேஸ்ட் துணியால் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்ச் சுவடே இல்லாமல் மாட்டிக் கொடுத்ததை நான் நின்று பார்த்து, பாராட்டி, காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். 2021க்கு முந்தைய கதை அது.

2023 மே 9

வளையமும் சீலும் வந்தன. மாட்டினேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி அஸர் (பிற்பகல்) தொழுகை நேரத்துக்கு முடிந்தது. அதில் நான்கு மணி நேரம் ஒரே ஒரு செயலுக்குப் போனது.

ஷாஃப்ட்டைக் கேஸுக்குள் செருகுவது எளிது. புதிய வளையம் பள்ளத்தில் விழும்போது ‘கிளிக்’ என்று கைக்குத் தெரியும். பிறகு மெல்ல இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதன்பின் கேஸையும் ஷாஃப்ட்டையும் ஒன்றாகத் தூக்கி ஸ்விங் ஆர்முக்குள் விட்டு, அந்த முனையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் யூ ஜாயிண்ட்டின் துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டு அறையில் ஊசிக்கு நூல் கோப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; ஊசி தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது, நூலின் எடை பத்துக் கிலோவுக்குக் குறையாது.

ஏன் மாட்டவில்லை என்பது நெடுநேரம் புரியவில்லை. யூ ஜாயிண்ட் தன் எடையால் கீழே சாய்ந்துவிடுகிறது. ஷாஃப்ட் நேராகப் போகிறது; துளை கீழே பார்க்கிறது. முன்பக்கத்து ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிள் போக்ஸ் கம்பியைக் கொக்கியாக வளைத்து, அதனால் ஜாயிண்ட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி மகளை உட்கார வைத்தேன். வண்டியைக் கியரில் போட்டு, கேஸில் சக்கரம் உட்காரும் வளையத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஷாஃப்ட் அதோடு சேர்ந்து திரும்பி, பல் பல்லைத் தேடி, ஒரு நொடியில் உள்ளே போனது. “இவ்வளவுதானா வாப்பா?” என்றாள். நான்கு மணி நேரம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு நட்டுகளை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலைச் செருகி இறுக்கினேன். கேஸுக்கு விட்டது ஹைப்பாய்ட் என்னும் கியர் எண்ணெய்; பிசுபிசுப்பு எஸ்ஏஇ 80, தரம் ஜிஎல் 5. வண்டி நேராக நிற்கும்போது நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை. பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் அளவு தப்பும்.

2023 மே 10

நேற்று கடைசிப் பத்தியில் எழுதிய வரிசை தவறு. அதைப் பார்த்து யாராவது செய்துவிட்டால் பாவம் எனக்கு.

கேஸின் நட்டுகளை முதலில் முழுதாக இறுக்கினேன். அதன்பின் ஆக்ஸில் நுழையவில்லை. தட்டித்தான் செருகினேன். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேஸ் ஒரு கோணத்தில் உறைந்துவிட்டது. சக்கரமும் கேஸும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இப்படியே ஓட்டினால் சக்கரத்துப் பக்கத்து ஸ்பிளைன் ஓரமாகத் தேய்ந்துகொண்டே போகும்.

சரியான வரிசை: கேஸின் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலைச் செருகி, ஆக்ஸில் நட்டைக் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். கேஸ் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். அதற்குப் பிறகே கேஸின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இன்று எல்லாவற்றையும் இளக்கி இப்படிச் செய்தேன்; ஆக்ஸில் விரலால் தள்ளியே உள்ளே போனது.

2023 மே 11

‘கார்டன் ஷாஃப்ட்’ என்று எங்கோ படித்த ஒருவர், தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறார். தோட்டம் இல்லை, யூ ஜாயிண்ட் வைத்த ஷாஃப்ட்டுக்கு இன்னொரு பெயர் அது; கார்டானோ என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞரின் பெயரிலிருந்து வந்தது.

2023 மே 17

தொண்டிக்காரர் பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வைத்திருக்கிறார். என் குறிப்புகளை அப்படியே பின்பற்றலாமா என்று கேட்கிறார். அப்படியே வேண்டாம். பிஎம்டபிள்யூ 1923இல் வந்த ஆர் 32 முதலே ஷாஃப்ட் ஓட்டிவரும் நிறுவனம். ஜிஎஸ் வண்டியில் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யூ ஜாயிண்ட் உண்டு. என் வண்டியில் ஒன்றுதான்.

இரண்டு இருக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாய்ந்த நிலையில் சுழலும் யூ ஜாயிண்ட், ஒரே சீரான வேகத்தை வாங்கினாலும் சீராக வெளியே விடாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். முதல் ஜாயிண்ட் செய்யும் இந்தக் குறும்பை இரண்டாவது ஜாயிண்ட் எதிர்த்திசையில் செய்து சமன்படுத்துகிறது. அதற்கு ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கிளைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நடுவே பிரியக்கூடிய ஷாஃப்ட்டை ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் வண்டி காரணம் தெரியாமல் நடுங்கும். பிரிக்கும் முன்பே பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நடுங்குகிற வண்டியின் சக்கரத்தை மூன்று முறை பேலன்ஸ் செய்தவர் கதை எனக்குத் தெரியும். எழுதினால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

2023 ஜூன் 16

தடைக்காலம் முடிந்தது. கருவிகளைத் திருப்பிக் கொடுக்கப் பாம்பன் போயிருந்தேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படகின் ஷாஃப்ட்டைக் காட்டி, அது கடலுக்குள் போகும் இடத்தில் சுற்றியிருக்கும் கயிற்றை ஒரேயடியாக இறுக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே வர வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது என்றார். “உன் வண்டியில் தண்ணீரே வரக் கூடாது என்கிறாய். நாங்கள் வரவிட்டு இறைத்துக் கொட்டுகிறோம்” என்றார்.

அதைக் கேட்டு வரும் வழியெல்லாம் ஸ்விங் ஆர்மின் அடியில் ஒரு துளை போட்டு, நுழைந்த ஈரம் வடிய வழி செய்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். இங்கேயும் இருவர் அதையே கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். எடையைத் தாங்கும் உறுப்பில் நம் விருப்பத்துக்குத் துளை போடக் கூடாது. தவிர, அரிச்சல்முனைச் சாலையில் சக்கரம் வீசியெறியும் மணலும் உப்புநீரும் அந்த வழியாகவே உள்ளே வரும். படகில் இறைக்க ஆள் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 8

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் மணல் சாலையின் குறுக்கே பாம்பு போல ஓடுகிறது. இராமேஸ்வரத்துத் தம்பி, போய்வந்ததும் வண்டியைக் கழுவுகிறேன், போதுமா என்று கேட்கிறார். எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரத்தை ரப்பர் உறையின் பக்கமும் சக்கரத்தின் நடுப்பக்கமும் காட்டாதீர்கள். கடல் செய்யாததை அது செய்துவிடும். குவளையால் ஊற்றித் துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் எந்தத் தண்ணீர்? எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவதே உப்பு. அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பது. நல்ல தண்ணீர் குடக் கணக்கில் வாங்குகிறோம். வண்டிக்கு ஒரு குடம் என்றதும் வீட்டில் எழுந்த விவாதம் இந்த இழையைவிட நீளமானது. அரைக் குடத்துக்கு உடன்பாடு.

2024 மே 12

ஓர் ஆண்டு முடிந்து, டயரும் தேய்ந்ததால் மறுபடி கழற்றினேன். இந்த முறை வளையமும் சீலும் ஓ ரிங்குகளும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் சிவந்த பொடி இல்லை. பேஸ்ட் ஈயப்பூச்சு போலப் பல்லோடு ஒட்டியிருந்தது. நகத்தில் தட்டிய படி அதே அளவில் இருக்கிறது, வளரவில்லை. முன்முனையைத் தேடிச் செருகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கொக்கி இருந்ததால்.

சக்கரத்துப் பக்கம்தான் நான் மே 4 இரவு பயந்தது ஓரளவு நடந்திருக்கிறது. பல்லின் நடுவில் பேஸ்ட் நன்றாக இருந்தது. ஆனால் ஸ்பிளைனின் வெளிவிளிம்பில், பேஸ்ட் முடியும் இடத்தில், மெல்லிய துரு பூத்திருந்தது. பழைய ஓ ரிங் தட்டையாகிவிட்டிருந்தது. சென்ற ஆண்டு அதை மாற்றாமல் விட்டேன். இது கடலின் துரு, சந்தேகமில்லை.

ஆகவே 2021இல் செய்ததும் 2023இல் செய்ததும் தனித்தனியே பாதி சரி. இந்த முறை பல்லின் முகங்களில் பேஸ்ட்டை மட்டும் தடவி, விளிம்பைச் சுற்றியும் புது ஓ ரிங்கின் மேலும் தண்ணீருக்குக் கரையாத கடல் கிரீஸை வரப்பு போல வைத்தேன். இரண்டும் நன்றாகக் கலந்துவிடாதபடி இடைவெளி விட்டேன். கெட்டியாக்க வெவ்வேறு வகைச் சோப்பைச் சேர்த்துச் செய்த கிரீஸ்கள் கலந்தால் சில வேளைகளில் இளகித் தண்ணீராக ஓடிவிடும். நீல கிரீஸ் பற்றி நான் முதல் நாள் எழுதியதைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டும் தேவிபட்டினத்துக்காரருக்கு: பொருள் சரி, வைத்த இடம்தான் தவறு.

2024 மே 13

இராமேஸ்வரத்துத் தம்பி தன் வண்டியையும் திறந்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார். சக்கரத்துப் பக்கத்துப் பற்கள் முள்ளாகிவிட்டன, ‘டக்’ அங்கிருந்துதான். கேஸில் சக்கரம் உட்காரும் வளையம் தேயவில்லை, சக்கரத்தில் இருக்கும் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் படத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை வேனில் ஏற்றி வருகிறாராம். ஓ ரிங்குகள் கூடுதலாக இரண்டு இருக்கின்றன, கொக்கியும் இருக்கிறது. தம்பி, வரும்போது நல்ல தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்துவிடுங்கள்.